ஐந்து வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரம்: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, சர்க்கரை வரட்டி

பலகாரம் சுடுவது ஒரு வேலை, சுட்டதை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது வேறு வேலை. நம் வீட்டில் தின்பதற்கு என்றால் பாகு கொஞ்சம் இளகியிருந்தாலும் சூட்டோடு சூடாகத் தின்று தீர்த்துவிடுவார்கள். கொடுத்துவிடும் பலகாரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தக்கலையிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பஸ்ஸில் யாருடைய மடியிலோ உட்கார்ந்து போக வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஓர் இரவு முழுவதும் குலுங்கிச் சென்னையில் இறங்க வேண்டும். போய்ச் சேர்ந்த வீட்டில் ஏற்கெனவே நான்கு டப்பாக்கள் வரிசையில் நிற்கும். தன் முறை வரும்வரை ஒரு வாரமாவது அலமாரியில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நமுத்தாலும் பூசணம் பூத்தாலும் காறினாலும் கெடுவது நம் பெயர்தான்.

நமுப்புக்கும் பூசணத்துக்கும் காரணம் ஈரம்; காறலுக்கும் அது துணைபோகும். குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. கிறிஸ்துமஸ் வருவதோ வடகிழக்குப் பருவமழையின் வால் பகுதியில். அடுக்களைக் காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில்தான் மொறுமொறுப்பான பண்டங்களைச் சுடுகிறோம். ஆகவே கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியையும், எந்த இடத்தில் ஈரத்தை வெளியேற்றுகிறோம் என்ற கண்ணோடு படியுங்கள். அளவில் ஐந்து பத்து கிராம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. ஈரம் தங்கினால் எந்த அளவும் காப்பாற்றாது.

எதைச் சுடுவது?

மூன்று போதும். ஏழு வகை வைத்துக் கொடுத்தால்தான் மரியாதை என்று நினைத்து, 24-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குப் போகும்போது கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஆண்டுகள் எனக்கும் உண்டு. கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதிரசம், மாவு பக்குவப்பட நாள் கேட்கும். முதல் முறை செய்பவர்களை ஏமாற்றும். தேங்காய் பர்பி எளிதுதான், ஆனால் வெளியில் மூன்று நான்கு நாள் தாங்கினாலே பெரிது. பக்கத்து வீட்டுக்குச் சுடச்சுடக் கொடுக்கலாம், ரயிலேற்றக் கூடாது.

நான் தேர்ந்தெடுப்பவை: முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, சர்க்கரை வரட்டி. முதலாவது கனமானது, இரண்டாவது மெல்லியது, மூன்றாவது கொறிப்பதற்கு. கீழுள்ள அளவுகளில் செய்தால் ஒரு வீட்டுக்கு மூன்று கொத்து, ஆறு அச்சு முறுக்கு, நூறு கிராம் வரட்டி என்று ஐந்து வீட்டுக்குக் கொடுக்கலாம். பத்து வீடு என்றால் இரட்டிப்பாக்குங்கள். ஆனால் பாகை மட்டும் இரண்டு தடவையாகக் காய்ச்சுங்கள்; பெரிய உருளியில் ஒரேயடியாகக் காய்ச்சும் பாகின் பதம் பழகிய கைக்கே பிடிபடும்.

கடைக்குப் போகுமுன்

ஒரு சொல் விளக்கம் அவசியம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சர்க்கரை என்றால் அது வெல்லம்; வெள்ளையாக இருப்பது சீனி. இது தெரியாமல் என் சென்னைத் தோழி ஒருத்தி, நான் தொலைபேசியில் சொன்ன 'நானூறு கிராம் சர்க்கரை'யைச் சீனியாகப் போட்டு முந்திரிக்கொத்து செய்தாள். வெளுத்துப்போய் வந்தது. இந்தக் குறிப்பில் குழப்பம் வேண்டாம் என்று வெல்லம், சீனி என்றே எழுதுகிறேன். பலகாரத்தின் பெயரில் வரும் சர்க்கரையை மட்டும் விட்டுவிட்டேன்.

வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போடலாம். மணம் ஒரு படி மேலே நிற்கும், நிறம் கறுக்கும். கருப்பட்டியில் மண்ணும் தூசியும் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டியே தீர வேண்டும். 'கருப்பட்டி போட்டது, சர்க்கரை நோய்க்காரர்களும் தின்னலாம்' என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அதுவும் இனிப்புதான், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

தேங்காய் நன்கு முற்றியதாக இருக்க வேண்டும். ஈத்தாமொழி நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். காதருகே ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான், செக்கில் ஆட்டிய புது எண்ணெய். போன மாதம் அப்பளம் பொரித்த மிச்சத்தை இதற்குக் கொண்டுவராதீர்கள், பலகாரம் முழுவதும் அந்த வாடை ஏறிவிடும். இரண்டு லிட்டர் இருந்தால் மூன்றையும் சுட்டுவிடலாம்.

முந்திரிக்கொத்து

இதில் முந்திரிப்பருப்பு கிடையாது. வெளியூர்க்காரர்கள் கடித்துப் பார்த்துவிட்டு முந்திரி எங்கே என்று தேடுவார்கள். முந்திரி என்றால் இங்கே கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு குலைபோல் நிற்பதால் அந்தப் பெயர் என்பார்கள். முந்திரிப்பருப்பை எங்கள் ஊரில் அண்டிப்பருப்பு என்போம்.

வேண்டியவை: தோலோடு சிறுபயறு 500 கிராம், வெல்லம் 400 கிராம், துருவிய தேங்காய் ஒரு முழு மூடி (அதாவது அரைத் தேங்காய்), எள் 50 கிராம், ஏலக்காய் எட்டு, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி. மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 200 கிராம், மைதா 50 கிராம், மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

பயற்றை அடி கனத்த வாணலியில் சிறு தீயில் வறுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் ஆகும். பச்சை மங்கி, அங்கங்கே செம்மை தட்டி, வறுத்த மணம் கூடத்துக்கு வரும்போது ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். சட்டென்று உடைந்தால் சரி, பல்லில் ஒட்டினால் இன்னும் நிற்க வேண்டும். தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்; அந்தப் பச்சை வாசனை எத்தனை ஏலக்காய் போட்டாலும் போகாது. ஆறிய பிறகு ரவைப் பதத்துக்குத் திரியுங்கள். மிக்சியில் என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். நைஸாக அரைத்துவிட்டால் உருண்டை களிபோல் ஆகிவிடும்.

எள்ளை வெடிக்கும்வரை வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் தேங்காய்த் துருவலைப் போடுங்கள். எண்ணெய் விட வேண்டாம். கிளறக் கிளற முதலில் ஆவி வரும், பிறகு ஆவி நிற்கும், பிறகு நிறம் மாறும். ஆவி நின்றவுடன் இறக்குபவர்கள் அதிகம். அங்கேதான் பூசணத்துக்கு விதை விழுகிறது. இளம் பொன்னிறமாகி, விரலுக்கிடையில் உதிர வேண்டும்.

இனிப் பாகு. வெல்லத்தை நொறுக்கி 150 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் வையுங்கள். நுரைத்துக்கொண்டு பொங்கும், பின்பு குமிழ்கள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கத் தொடங்கும். அப்போதிலிருந்து அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் அறாமல் ஒரு கம்பி நிற்க வேண்டும். சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரைந்து ஓடாமல் திரண்டு நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் அந்த நொடியே தீயை அணைத்துவிடுங்கள்.

என் முதல் ஆண்டு இந்த இடத்தில்தான் கோட்டைவிட்டேன். வாசலில் யாரோ வந்தார்கள், இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். மாமியார் அடுக்களைக்கு வெளியிலிருந்தே வாசனை பிடித்துவிட்டார். "மக்களே, பாகு போய்விட்டது, அடுப்பை அணை" என்றார். எனக்குப் புரியவில்லை. பார்வைக்கு நன்றாகத்தானே இருந்தது? உருட்டினேன், சுட்டேன். மறுநாள் அதை உடைக்க அம்மிக்குழவி வேண்டியிருந்தது. அந்தக் கொத்துகளை எல்லாம் உரலில் இட்டுப் பொடித்துப் பிள்ளைகளுக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தோம். அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது என்பது வேறு கதை. பாகு முற்றியதைக் கலக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் கொதிநீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்துப் பிசைந்து இளக்கலாம். ஆனால் அப்படி நீர் சேர்ந்ததை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பயற்றுப்பொடி, தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து வைத்து, பாகைச் சுற்றிலும் ஊற்றி மரக்கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்தவுடன் உருட்டத் தொடங்க வேண்டும், ஆறினால் உதிரும். ஒருவர் உருட்டினால் பாதியில் ஆறிவிடும், ஆகவே மைனியையோ பக்கத்து வீட்டு அக்காவையோ துணைக்கு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சிறு எலுமிச்சை அளவு, அதாவது 20 கிராம் போல உருட்டினால் ஏறக்குறைய 50 உருண்டை வரும். தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தொட்டால் மேற்புறம் உலர்ந்து இறுகியிருக்கும். இந்த ஓர் இரவைச் சுருக்கினால் எண்ணெயில் உருண்டை பிளக்கும்.

மறுநாள் மேல்மாவைக் கரையுங்கள். தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிட இளக்கம். ஓர் உருண்டையை முக்கித் தூக்கினால் உள்ளிருப்பது தெரியாமல் மூட வேண்டும். எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். ஒரு துளி மாவு விட்டால் அடியில் தொட்டு உடனே மேலே வர வேண்டும். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும், புகைய விடாதீர்கள். மூன்று உருண்டைகளை ஒன்றாக மாவில் முக்கி, விரல்களால் சேர்த்துப் பிடித்து, வாணலியின் விளிம்போரமாக வழுக்கிவிடுங்கள். முதல் அரை நிமிடம் கரண்டியால் தொடாமல் இருந்தால் மூன்றும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பது எல்லாம் ஏற்கெனவே வெந்ததுதான், மேல்மாவு மஞ்சளாக மொறுமொறுக்கும்வரை விட்டால் போதும். மூடாத இடத்தில் வெல்லம் வெளியே கசிந்தால் எண்ணெயில் கரும்புள்ளிகள் மிதக்கும். அவற்றை உடனுக்குடன் அரித்து எடுக்காவிட்டால் அடுத்த ஈடுகள் கசக்கும்.

பதினாறு கொத்து கிடைக்கும். ஐந்து வீட்டுக்குப் பதினைந்து, ஒன்று ருசி பார்க்க.

சர்க்கரை வரட்டி

ஓணத்துக்கு இலையில் வைப்பதைத்தான் கிறிஸ்துமஸுக்கும் சுடுகிறோம். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் சிலர் சர்க்கரை உப்பேரி என்பார்கள். மூன்றில் இதுதான் எளிது, அதிக நாள் தாங்குவதும் இதுதான்.

விளைந்த ஏத்தங்காய், அதாவது நேந்திரன் வாழைக்காய், ஒரு கிலோ வாங்குங்கள். மஞ்சள் தட்டியிருக்கக் கூடாது; பழுக்கத் தொடங்கிய காய் எண்ணெயில் கறுக்கும், மொறுக்காது. தோல் சீவி மஞ்சள் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டால் கறை போகும். துணியால் ஈரம் ஒற்றி, நெடுகப் பிளந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அரைவட்டமாக நறுக்குங்கள். சிப்ஸ்போல் மெலிந்தால் பாகு பிடிக்கும்போது நொறுங்கும். மிதமான தீயில் பதினைந்து, இருபது நிமிடம் பொரிய வேண்டும். பார்த்து எடுக்காதீர்கள், கேட்டு எடுங்கள். கரண்டியால் கிளறும்போது தொடக்கத்தில் சத்தமே இராது. காய்ந்த பிறகு கூழாங்கல்லைக் கிளறுவதுபோல் கலகலவென்று வரும். அந்தச் சத்தம் வந்தால் எடுத்துப் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள்.

வெல்லம் 250 கிராம், தண்ணீர் அரை டம்ளர், வடிகட்டிக் காய்ச்சி இரண்டு கம்பி நிற்கும் பதம். தீயை அணைத்துத் துண்டுகளைக் கொட்டிப் புரட்டுங்கள். சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, சீரகப்பொடி அரை, ஏலப்பொடி அரை. கை ஓயாமல் கிளறிக்கொண்டே இருந்தால் பாகு மேலே பூத்து இறுகி, துண்டுகள் தனித்தனியாகப் பிரியும். பிரியும் நேரத்தில் இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சீனியைத் தூவிவிடுங்கள். ஏறக்குறைய அரைக் கிலோ வரும். காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு மாதம் அசையாது.

அச்சு முறுக்கு

பெயரில்தான் முறுக்கு. தேங்காய்ப்பால் மணக்கும் இனிப்புப் பூ இது.

பச்சரிசி 250 கிராமை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் அரை மணி நேரம் உலர்த்தி, இடித்துச் சலியுங்கள். பொடித்த சீனி 100 கிராம், முட்டை ஒன்று, கறுப்பு எள் இரண்டு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 200 மில்லிவரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து, விரலால் கோடிழுத்தால் கோடு நிற்க வேண்டும். சீனியைக் கூட்டாதீர்கள். கூடினால் சீக்கிரம் சிவந்து, அச்சில் ஒட்டி, ஆறிய பிறகும் வளையும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கும் கொடுப்பதாக இருந்தால், முட்டைக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி மைதாவும் கூடுதலாகச் சிறிது தேங்காய்ப்பாலும் சேருங்கள். அதை முதலில் சுட்டு எடுத்துத் தனி டப்பாவில் வைத்துவிட்டுத்தான் முட்டை மாவை எண்ணெயருகே கொண்டுவர வேண்டும். அவர்கள் கேட்கமாட்டார்கள், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது அச்சு என்றால் முந்தைய நாளே கஞ்சித்தண்ணீரில் ஊறப்போட்டு, கழுவித் துடைத்து, எண்ணெயில் மூழ்கவைத்து நன்றாகக் காயவிடுங்கள். பழைய பித்தளை அச்சு யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். கனமானது, சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சுடும் முறை இதுதான். எண்ணெயில் அச்சைக் காயவைத்து, எண்ணெயை உதறிவிட்டு, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்குங்கள். 'சொய்ங்' என்று ஒரு சிறு சத்தத்தோடு மாவு பற்றிக்கொள்ளும். அதை எண்ணெய்க்குள் கொண்டுபோய்ச் சில நொடிகள் அசையாமல் பிடித்து, பிறகு மெல்ல உதறினால் பூ கழன்று மிதக்கும். மாவு அச்சின் மேல் விளிம்பைத் தாண்டி ஏறினால் பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும், ஈர்க்குச்சியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். மாவு அச்சிலேயே பற்றாமல் வழுக்கி விழுந்தால் அச்சு சூடு போதவில்லை. பற்றிய மாவு வெந்து கிண்ணத்திலேயே விழுந்தால் சூடு அதிகம், ஒரு நொடி காற்றில் பிடித்துவிட்டு முக்குங்கள். முதல் நான்கைந்து எல்லோருக்கும் கோணல்தான்.

அரிசிமாவும் எள்ளும் அடியில் தங்கும், ஆகவே ஒவ்வொரு ஐந்தாறு பூவுக்கும் மாவைக் கலக்குங்கள். கலக்காவிட்டால் முதல் பூக்களில் எள்ளே இராது, கடைசிப் பூக்களில் எள்ளும் கெட்டி மாவுமாக இருக்கும். எண்ணெயிலிருந்து எடுக்கும்போது பூ சற்று மென்மையாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஆறும்போது மொறுக்கும். அச்சின் அளவைப் பொறுத்து முப்பதுக்கு மேல் வரும்.

எந்த நாளில் எதை?

19-ஆம் தேதி பொருள் வாங்கிப் பயற்றை வறுத்துத் திரியுங்கள். 20 வரட்டி. 21 மாலை உருண்டை பிடித்து, 22 காலை கொத்து சுடுங்கள். அச்சு முறுக்கை 23-க்கு விட்டுவைப்பது வேண்டுமென்றேதான். காற்றின் ஈரத்தை முதலில் இழுப்பது அது. அன்று மழை பிடித்துக்கொண்டால் ஈடு ஈடாக ஆறியவுடனேயே டப்பாவில் போட்டு மூடுங்கள், எல்லாம் முடியட்டும் என்று தாம்பாளத்தில் குவித்துவைக்காதீர்கள். சூட்டோடும் மூடக் கூடாது. மூடியின் உட்புறம் ஆவி வேர்த்து, நாம் வறுத்தும் பொரித்தும் விரட்டிய தண்ணீர் திரும்ப உள்ளே சொட்டும்.

பொதிவது

பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அழகு, ஆனால் ஓலை காற்றை உள்ளே விடும். பெட்டி மேலுக்கு இருக்கட்டும். உள்ளே மூன்று பலகாரத்தையும் தனித்தனிக் காற்றுப்புகாப் பைகளில் போடுங்கள். வரட்டியும் அச்சு முறுக்கும் ஒரே பையில் இருந்தால் சுக்கு மணம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். கொத்தைப் பட்டர் பேப்பரில் சுற்றி அடியில் வையுங்கள், வரட்டி நடுவில், அச்சு முறுக்கு மேலே. தொலைதூரம் போகும் பெட்டியில் அச்சு முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வட்டமான டின்னில் இறுக்கமாகப் பொருத்துங்கள். ஆட இடம் இருந்தால்தான் உடையும். சுட்ட தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். முந்திரிக்கொத்து இரண்டு வாரத்துக்குள், அச்சு முறுக்கும் அப்படியே, வரட்டி ஒரு மாதம்.

உடைந்த அச்சு முறுக்குகளையும் கோணல் பூக்களையும் பெட்டியில் ஒளித்துவைக்காதீர்கள். அவை சுட்டவர்களுக்கு. எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, கட்டன் சாயா போட்டு, அடுக்களைப் படியிலேயே உட்கார்ந்து தின்று முடித்துவிடுங்கள்.